மூன்று இரவுகள் மட்டும்

விருந்தினர் தங்கலாம், மூன்று இரவுகள் மட்டும் என்று
விடுதி வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.
அப்பா எடுத்திருந்த டிக்கெட்டோ எட்டு இரவுகளுக்கு.
மலிவாகக் கிடைத்ததாம்.

அவர் வருவதற்கு முந்தைய நாள்
மார்யுட்டிடம் ஒரு மெத்தை கடன் வாங்கினேன்.
எதிர் அறைப் பையனிடம் நாலு தட்டு.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
நான் ஒற்றைத் தட்டில் சாப்பிடுகிறவள் என்பது
அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.
இரண்டு கோப்பைகளை அலமாரியின் முன்பக்கம் நகர்த்தினேன்,
அடிக்கடி யாரோ வந்துபோவதுபோல.

ஜார்ஜியாவில், குத்தாயிசி நகரத்தில்,
இருபத்தாறு வருடம் பதினோராம் எண் பேருந்தை ஓட்டியவர்
தார்த்து நிலையத்தில் இறங்கினார்.
கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து
புளிப்புப் பிளம் சட்னி பாட்டிலை உருவி
"உடையல பார்"
என்றார், முதல் வார்த்தையாக.

ஜூன் மாதம். இரவு பதினொன்றுக்கும் வானம் அணையவில்லை.
"இந்த ஊர்ல விளக்கை யாரும் நிறுத்த மாட்டாங்களா?"
சதுப்புநில வரைபடத்தை எடுத்து ஜன்னலில் ஒட்டினேன்.
என் இரண்டு வருட ஆராய்ச்சி
முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.
அப்புறமும் தூக்கம் வரவில்லை.
அவர் எனக்கும் நான் அவருக்கும்
விடியும்வரை தூங்கிக் காட்டினோம்.
விடிந்துதான் கிடந்தது, அது வேறு.

பகலில் ஆய்வுக்கூடம்.
மாலையில் நூலகம் என்று சொல்லிவிட்டு
உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனேன்.
திரும்பி வந்தால் அறையில் ஆள் இல்லை.

கீழே, வாசல் மேசையில் ஹெல்வே சிரித்துக்கொண்டிருந்தாள்.
'தெரே' என்ற வணக்கத்துக்கு மேல்
இரண்டு வருடத்தில் ஒரு சொல்லும் என்மேல் செலவழிக்காதவள்.
அவளுக்கு ஒரு தங்கப் பல் இருப்பதே
அன்றுதான் எனக்குத் தெரியும்.
அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரஷ்ய மொழி.
இருவருக்கும் பிடிக்காத மொழி.
பள்ளிக்கூடம் இருவர் தோளிலும் ஏற்றி அனுப்பியது.
மழைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பழைய கோட்டைப்போல
ஆளுக்கொரு நுனி பிடித்து
அதன் கீழே நின்றிருந்தார்கள்.

நான் எஸ்டோனிய மொழி படித்தவள்.
வேற்றுமை பதினான்கு.
ரொட்டியைப் பதினான்கு விதமாகச் சொல்வேன்.
கேட்கத்தான் ஆளில்லை.

படியேறும்போது சொல்லிக்கொண்டே வந்தார்:
ஹெல்வேயின் கணவர் டிராக்டர் ஓட்டினவராம்.
அவள் காரில் இரண்டாம் கியர் முனகுதாம்,
கிளட்ச்சா இருக்கும், நாளைக்குப் பிரிச்சுப் பார்க்கணும்.
உன் எதிர் அறைப் பையன், பெனின் நாட்டுக்காரன்,
அவன் அம்மா மார்ச்சில் தவறிட்டாளாம்.
போக டிக்கெட்டுக்குக் காசில்லையாம்.
உனக்குத் தெரியாதா?

தெரியாது.
அன்றும் அவன் தட்டில்தான் சாப்பிட்டோம்.

நாலாம் இரவு
பின்வாசலை உள்ளிருந்து திறப்பதாக
மார்யுட் ஒப்புக்கொண்டிருந்தாள்.
விரல் முழுக்க கிரீஸோடு
அப்பா நேராக முன்வாசலில் நடந்தார்.
ஹெல்வே பதிவேட்டைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள்.
மூன்று என்று எழுதினாள்.
ஐந்தாம் இரவும் மூன்று.
எட்டாம் இரவும்
சற்று அழுத்தி
மூன்று.

விமான நிலையத்துக்குப் போகிற பேருந்தின் அருகே
ஓட்டுநரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.
"பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறான்."
பிறகு என் கையை எடுத்து,
வெடித்த விரல் இடுக்குகளைப் பார்த்து,
"நூலகத்தில் கையுறை தர மாட்டாங்களா?" என்றார்.
பதில் தேடுவதற்குள் கதவு மூடிவிட்டது.

வரைபடம் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது.

"கார் ஓடுது, அப்பாகிட்ட சொல்லு" என்றாள் ஹெல்வே,
எஸ்டோனிய மொழியில், மெதுவாக.
எல்லா வேற்றுமையும் புரிந்தது.

சட்னி கால் பாட்டில் மிச்சம் இருந்தது.
நாலு தட்டையும் கழுவினேன்.
இரண்டில் ரொட்டி வைத்து எடுத்துக்கொண்டு
எதிர்க் கதவை
முழங்கையால் தட்டினேன்.