நாலாவது தரம்

மூணு தரம் கூப்பிடுவது விதி.
முப்பத்தொரு வருசம் அதைத்தான் செய்தேன்,
மேலூர் முன்சீப் கோர்ட்டில்,
சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக.
பேர், தகப்பன் பேர், ஊர்.
மூணாவது தரம் குரல் புளியமரத்தில் போய் முட்டும்.
ஆள் வராவிட்டால் கட்டு மூடப்படும்.

சேவுகப்பெருமாள் அய்யா வந்த முதல் திங்கள்கிழமை
மூணு தரம் முடித்துத் திரும்பினேன்.
பேனாவைத் திறக்காமலே சொன்னார்:
"இன்னொரு தரம். குழாயடியைப் பார்த்துக் கூப்பிடு."
குழாயடியில் ஒருவர்
கெண்டைக்கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அய்யா சிங்கம்புணரிப் பக்கம்.
சொந்த மாவட்டத்தில் போடமாட்டார்கள் என்று
எல்லைக்கு இந்தப்புறம் போட்டார்கள்.
மாவட்டம்தான் வேறு. மண் அதே செவல்.

அவர் சொல்லிக் கேட்டதல்ல;
குவார்ட்டர்ஸில் சாமான் இறக்கியபோது
மச்சினன் சொன்னது.
பி.ஏ. முடித்துவிட்டு உழுதவராம்.
ரெண்டு ஏக்கர், கண்மாய்ப் பாசனம்,
பதினோரு வருச மடை வழக்கு.
முறைத்தண்ணிக்கு ராமுழுக்க விழித்துக்கிடந்து
முதல் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலையில்
பேர் கூப்பிட்டாகிவிட்டது.
மடை போனது.
அந்த வருசமே உழவுமாடு ஒரு சோடியை விற்று
மதுரையில் சட்டம் படிக்கச் சேர்ந்தார்.
வகுப்பில் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் அவர் ஒருவர்தான்.

வாய்தா கேட்டால் காரணம் கேட்பார்.
"கட்சிக்காரர் நடவுக்குப் போய்விட்டார், அய்யா."
"ஆனியிலா? கால்வாயில் தண்ணி விட்டாச்சா?
அவர் காட்டில் கிணறு இருக்கா?"
வக்கீல் காகிதத்தைப் புரட்டுவார்.
நான் கூரையைப் பார்ப்பேன், சிரிக்கக்கூடாதே.
நிஜ நடவென்றால் மறுபேச்சில்லை.
தேதியை அறுப்பு முடிந்து போடுவார்.

அடக்கி வழக்கு வேறு மாதிரி.
பக்கத்துக் காட்டுச் செல்லாண்டி
வரப்பை ஒரு முழம் நகர்த்திவிட்டான் என்று தாவா.
கல் காணோம். சர்வேயர் அறிக்கை வழவழவென்றிருந்தது.
ஸ்தலம் பார்க்கப் போனோம்.
அமீனா நீட்டிய குடையை வேண்டாம் என்றார்.
செருப்பைக் கழற்றி வரப்பில் ஏறினார்.
பாதி தூரத்தில் நின்று
பெருவிரலால் மண்ணை அமுக்கினார்.
அருகு வேரோடவில்லை.
நண்டு வளை ஒன்றில்லை.
போன மழைக்குப் பிறகு அணைத்த மண்.
எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?
செல்லாண்டி துண்டை எடுத்து முகம் துடைத்தான்.

திரும்பி வரும்போது ஜீப்பில் பேச்சில்லை.
மறுநாள் மாவட்ட நீதிபதிக்கு எழுதினார்:
கண்டதைக் குறிப்பில் எழுதிவிட்டேன்.
காலுக்குத் தெரிந்ததை எழுத வழியில்லை.
மனசில் தீர்ப்பு வந்துவிட்டது, சாட்சியம் வருமுன்னே.
இந்த வழக்கை என்னிடமிருந்து மாற்றுங்கள்.

அடக்கி கோர்ட்டு வாசலில் நின்று கேட்டது
புளியமரம்வரை கேட்டது.
"தெரிஞ்ச மனுசன் ஒருத்தர் வந்தீக.
நீங்களும் கைகழுவுனா நான் எங்கிட்டுப் போவேன்?"
உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
அய்யா தலை நிமிரவில்லை.
அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குப் போனது.

ஒன்றரை வருசம்.
மதுரைக் கோர்ட்டில் சாட்சிப் பட்டியலில்
வாதி தரப்பு, நாலாவது பேர்.
லீவு எழுதிக்கொடுத்துவிட்டு
வெள்ளைச் சட்டையில் பஸ்ஸில் வந்தார்.
பழைய கட்டைச் சுமந்து நானும் போயிருந்தேன்.
அந்த டவாலி சின்னப் பையன்.
சேவுகப்பெருமாள், தகப்பனார் கழுவன்,
என்று அவசர அவசரமாய்
மூணு தரமும் ஒரே மூச்சில் கூவினான்.
மூணாவதுக்கு முன்பே அய்யா எழுந்துவிட்டார்.

எதிர்வக்கீல் கேட்ட முதல் கேள்வி,
"தொழில்?"
வாய் திறந்து, மூடினார்.
ஜன்னலுக்கு வெளியே எவனோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.
"எதை எழுதிக்கொள்ள?" என்றார் டைப்பிஸ்ட்.

வழக்கு இப்போது அப்பீலில்.
வரப்பில் அருகு வேர்பிடித்துவிட்டது.