தண்டக் கணக்கு

அறுபத்து நான்கு பேர் கையெழுத்திட்டோம்,
அதில் ஒன்பது வெறும் கீறல்.
யாரும் எங்களை வற்புறுத்தவில்லை.
துப்பாக்கி அவரவர் செலவு,
நீலச் சட்டை அவரவர் வீட்டுத் தையல்.
தொப்பியில் சிவப்பு இறகு வேண்டுமென்று
தீர்மானம் போட்ட மறுநாள்
ஹார்லோ மலைச் சேவல்களெல்லாம்
வாலில்லாமல் கூவின.

இலகு காலாட்படை என்றால்
விரைந்து நடந்து, வேலிக்குப் பின் பதுங்கிச் சுடுவது.
வேலி எங்களுக்குத் தெரியும். கட்டியதே நாங்கள்தான்,
ஆண்டுதோறும் ஏர்முனையில்
புதிதாய் முளைக்கும் கல்லைப் பொறுக்கி.

நான் எழுத்தன். பேரேட்டில் உள்ளதைச் சொல்கிறேன்.
இறகில்லாமல் வந்த ஓபெட் ஸ்பிராக், பன்னிரண்டு சென்ட்.
வரிசையில் நின்று சிரித்த அதே ஓபெட், மறுபடி பன்னிரண்டு.
இரண்டும் பாக்கி.
ஆசஹேல் துவிங் வரவில்லை. பசு கன்று போட்டது. மன்னிப்பு.
கேப்டன் எலிஃபலெட் பீஸ் இடதை வலதென்றார்;
கேப்டனுக்குத் தண்டம் போட விதியில்லை,
ஒரு குடம் ரம் வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு முறை கடல் எங்களைக் கூப்பிட்டது.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு, செப்டம்பர்,
சோளம் முற்றி நின்ற நேரம்.
பாஸ்டனுக்கு ஆறு நாள் நடை.
போய்ச் சேர்ந்தபோது ஆங்கிலேயக் கப்பல்
அடிவானத்தில் ஊசி அளவு,
பிறகு அதுவும் இல்லை.
நாற்பது நாள் உப்புக்காற்றைக் காவல் காத்தோம்.
எங்கள் சோளத்தைக் கரடி காத்தது.

சண்டையில் இறந்தவர் யாருமில்லை என்று
ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள்.

சண்டையில் இல்லை.
அது இருபத்தோராம் ஆண்டு, அக்டோபர் ஒத்திகை.
பாதிப் பேர் எதிரிகள்; சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம்.
வெறும் மருந்து, குண்டு கிடையாது.
மருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பியை
குழலிலிருந்து உருவ
ஒருவன் மறந்துவிட்டான்.
ஓபெட் வேலிக்கு அந்தப்பக்கம்
சிரித்துக்கொண்டே எழுந்தான்.

அன்று மாலைச் சோதனையில் ஒரு வரி:
கம்பி குறைவு, இருபது சென்ட், செலுத்தப்பட்டது.
எழுத்து என்னுடையது.
எதிரே உள்ள பெயரும்.

அதன்பிறகு இறகில்லாமல் வந்தவரை
நான் எழுதவில்லை. வந்தவர்களும் குறைந்தார்கள்.
நான்கு ஆண்டு கழித்து முரசை விற்றுக்
கடைக்கடன் தீர்த்தோம்.
மீந்த மூன்று டாலரை
ஓபெட்டின் மனைவி மெஹிதபெலிடம் கொண்டுபோனேன்.

வாசலிலேயே நின்று எண்ணினாள்.
இருபத்து நான்கு சென்ட்டை எடுத்து
என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.
"அவர் பாக்கி."