மற்றப் பக்கம்

பஞ்சிகாவத்தையில்
லொறிக் கார்பரேட்டருக்கும் வளைந்த ஸ்பேனர்களுக்கும் நடுவே
பால்மா டின்னுக்குள் கிடந்தது.
கடைக்காரன் விலையை என் முகத்தில் தேடி
அறுநூறு என்றான்.
இருநூற்றைம்பதுக்குக் கைமாறியபோது
ஏமாந்தது அவனா நானா என்று
இருவருக்கும் தெரியவில்லை.

சவரக்கத்தி.
எருமைக்கொம்புப் பிடியைப் பூச்சி அரித்திருந்தது.
அலகெங்கும் துரு.
குதிப்பக்கம் அரிசிக் குறுணையளவு ஒரு பல் போயிருந்தது.
முத்திரையில் மூன்று எழுத்து மிச்சம்;
அதை வைத்து ஊரைச் சொல்ல ஏலாது,
அடித்தவனையும் சொல்ல ஏலாது.

பையில் அது இருந்ததால்
புறக்கோட்டையில் ஒரு காக்கிச்சட்டையைக் கண்டதும்
என் கால் தானாக மெதுவாயிற்று.
பழைய கால்.
யாரும் மறிக்கவில்லை.
மறித்திருந்தால்
எந்த மொழியில் தொடங்கியிருப்பேன்
இது முகம் வழிக்க என்று?

மாதத்தின் முதல் ஞாயிறு
மருதானையில், டயர்க்கடையின் பின்புறம் கூடுவோம்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் துவான் ஃபஸ்லி,
நூறாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் ஜயலத்,
பல்செட் செய்யும் கூடத்தில் வேலைபார்க்கும் நிலூபர்.
அவளுக்கு வழிக்க ஒன்றுமில்லை.
உருக்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

"முழுக்கத் தேய். முகம் தெரிய வேணும்" என்றான் ஜயலத்.
"தேய்த்தால் அந்த மூன்று எழுத்தும் போகும்" என்றாள் நிலூபர்.
"போகட்டுமே, வாசிக்கவா வாங்கினான்?"
பிளேன்டீ ஆறியது.
ஃபஸ்லி ஒன்றும் பேசாமல்
கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து
முதுகு கோணல் என்றான்.
அதன்பிறகு என் கத்தி
எனக்குத் தெரியாதவர்களின் பிள்ளைபோல
கைக்குக் கை போனது.

பிடியைக் கழற்ற ஆணித்தலையை அராவினேன்.
ஒரு முனை ஆணி வெள்ளை உலோகம்.
மறுமுனை பித்தளைக் கம்பி.
நிலூபர் தன் பூதக்கண்ணாடியை நீட்டினாள்:
கம்பியைச் சுற்றிக் கொம்பில்
சுத்தியல் தவறிய தழும்பு, மூன்று.
எங்களுக்கு முதல் ஒரு கை.

"கெட்டிக்காரன் இல்லை" என்றான் ஜயலத்.
"அவசரக்காரன்" என்றான் ஃபஸ்லி.
"எறியேல்லையே" என்று நான் சொன்னது
எல்லோருக்கும் கொஞ்சம் கூடிப்போன வார்த்தையாய்ப் பட்டது;
சிரித்தார்கள்.
ஆனால் புது ஆணி அடிக்கும் நேரம்
நான்காம் தழும்பு என்னுடையது.

வெள்ளவத்தை வீட்டில், குளியலறை வாசலில்
ஈரத்துணி விரித்துக் கல் வைத்தேன்.
ஆயிரம், மூவாயிரம், எண்ணாயிரம்.
எண்ணாயிரத்தில் கரண்ட் போனது.
ஒழுங்கை முழுக்க மின்விசிறிகள் நின்ற அமைதியில்
கை நிற்கவில்லை.
முதலில் மணலில் இழுபடும் செருப்பு.
பிறகு நிலத்தில் உரசும் சேலைக்கரை.
பிறகு அதுவுமில்லை,
கல்லில் தண்ணீர் மட்டும் நகர்வதுபோல.
முழங்கை மயிரில் வைத்துப் பார்த்தேன்:
தொட்டது தெரியாமல்
இருட்டில் ஒரு சின்ன வழுக்கை.

காலையில் நுரை பூசி
வலக்கன்னம் வழித்தேன்.
மூன்று நாள் தாடி முணுமுணுக்காமல் வந்தது.
கையை மாற்றினேன்.
என் இடக்கை
கையெழுத்துக்கூடப் போட்டதில்லை;
கழுத்து நரம்பின் மேலே
போய் நின்று யோசித்தது.
நான் வற்புறுத்தவில்லை.
நுரையைத் துடைத்துவிட்டுச் சட்டை போட்டேன்.

நூறாம் நம்பரில் மிதிபலகைக் கூட்டம்.
சில்லறையைக் குலுக்கிக்கொண்டு வந்த ஜயலத்
வலக்கன்னத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.
பம்பலப்பிட்டியில் பஸ் திரும்பிக் குலுங்க
இடக்கன்னத்தையும் கண்டான்.

"அனித் பெத்த கோ?"
மற்றப் பக்கம் எங்கே என்கிறான்,
முழு பஸ்ஸுக்கும் கேட்க.

"ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.
டிக்கெட்டைத் தமிழில் எண்ணிக் கிழித்துத் தந்தான்,
மிச்சம் இருபது ரூபாயைத் தராமல்.