பேரேடு

கொட்டாஞ்சேனை, 1942

துறைமுகத்திலிருந்து மூட்டைகள் வரும்.
மூட்டைக்கு ஒரு துண்டுக் காகிதம், காகிதத்தில் கப்பலின் பெயர்.
அதை நான் தமிழில் எழுதிக்கொள்வேன்.
இருளப்பனுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும்,
அவன்தான் காற்சட்டை மடிப்புக்குள்
சேங்கொட்டை மையால் குறி போடுகிறவன்.

ஒருநாள் மூன்று மூட்டை சேர்ந்து வந்தன:
எலெக்ட்ரா, என்கவுன்டர், எக்ஸ்பிரஸ்.
பேரேட்டில் 'எ' பக்கம் நிறைந்துவிட்டது.
ஒரே கட்டளையில் பிறந்த கப்பல்களுக்கு
ஒரே முதலெழுத்து என்றான் சரக்கறை மாலுமி டொப்சன்.
கார்த்திகை என்றேன். விழித்தான்.
கார்த்திகையில் பிறந்தால் அ, இ, உ, எ.
உங்கள் கடற்படையிலும் ஒரு சாத்திரியார்
சம்பளத்துக்கு இருக்கிறார்போல.

கப்பல் தாழ்ந்தால் பெயரை எடுத்து
அடுத்த கப்பலுக்கு வைப்பார்களாம்.
பெயரை எடுப்பவன்தானே பேரன்,
அது எங்களிடமும் உண்டு டொப்சன்.

ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒன்று.
அதையும் 'அவள்' என்றுதான் சொல்வானாம்.
மன்னர் கோபிக்கவில்லையா?
அவர் செத்துப்போனார் என்றான்.

முந்தின போரில் 'சூலு'வுக்குப் பின்பாதி போயிற்று,
'நூபிய'னுக்கு முன்பாதி.
மிஞ்சியதை ஒட்டவைத்து 'சூபியன்' என்றார்கள்.
இருளப்பன் இதை மட்டும் நம்பினான்.
கிழிந்த இரண்டு சட்டையை ஒன்றாக்கி
அவன் அப்போது போட்டிருந்தான்.

பிறகு 'லங்கா'.
கப்பல் எந்தப் பக்கம் நிற்கிறதென்று தேடிப்போனேன்.
செங்கல் மதில். ஓட்டுக்கூரை. வாசலில் கொடி.
தரையைத் தளம் என்கிறார்கள்.
வாசலைத் தாண்டித் தெருவுக்கு வருகிறவன்
கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறான்.
அப்படியென்றால் நான் மூட்டையோடு நின்ற இடம்,
ட்ராம் தண்டவாளத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே,
கரை.
லங்காவுக்குள் நுழைய
என்னிடம் அனுமதிச் சீட்டு இல்லை.

'ஹோலிஹாக்' எழுத மூன்று தரம் அடித்துத் திருத்தினேன்.
பூவாம் அது.
சின்னப் போர்க்கப்பல்களுக்குப் பூக்களின் பெயர்,
நீர்மூழ்கியைத் தேடிக் கொல்லும் பூக்கள்.
மருந்துக்கடை மீராலெவ்வை படத்தைப் பார்த்துச் சொன்னார்:
சீமைத்துத்தி.
துத்தியிலை மூலத்துக்கு நல்லது என்று
இஸ்திரிப் பெட்டியின் கரி சிந்தச் சிரித்தான் இருளப்பன்.
நானும் சிரித்தேன், வீடு போகும்வரை.
பாயில் கிடக்கையில் பள்ளிக்கூடத்து மனப்பாடம் வந்தது:
ஆநிரை கவர வெட்சி,
மதில் வளைக்க உழிஞை,
நேர்நின்று வெட்டிச் சாகத் தும்பை.
பூச்சூடாமல் நம்மவர் எந்தப் போருக்குப் போனார்கள்?
விடிந்ததும் இருளப்பனிடம் சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.

மாசியில் ஜாவாப் பக்கம்
எலெக்ட்ரா போயிற்று, என்கவுன்டரும் போயிற்று.
பாஸ்கு ஞாயிறு இங்கே குண்டு விழுந்தது.
தெருவில் பாதி வீட்டுக்குப் பூட்டு.
வியாழக்கிழமை, மட்டக்களப்புக்கு அப்பால், சீமைத்துத்தி.
எங்களுக்கு யார் சொல்வார்கள்?
மூட்டையை எடுக்க ஆள் வராததுதான் செய்தி.

சட்டை பன்னிரண்டு, காற்சட்டை ஒன்பது,
தலையணை உறை நான்கு,
நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடித்தாயிற்று.
பாக்கி: ஆறு ரூபாய் இருபது சதம்.
முதலாளி சந்தியாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இனிக் கடன் 'லங்கா'வுக்கு மட்டும் என்றார்.
அது தாழாது.

அலமாரியின் மேல்தட்டில் மூட்டை இருக்கிறது.
சேங்கொட்டைக் குறி எதற்கும் அழியாது.
நேற்று இருளப்பன் கேட்டான்:
"அதே பேருல வேற கப்பல் வரும்னீங்களே,
அதுக்குக் குடுத்துரலாமா?"

பெயர் பொருந்தும் என்றேன்.
அவன் ஒரு காற்சட்டையை விரித்து
தன் இடுப்பில் வைத்துப் பார்த்தான்.
யாரோ மெலிந்த பையனுடையது.