கால் கடுக்க

கடைகள் திறக்கப் பத்து மணி ஆகும்.
நடப்பவர்களுக்காக
மூன்றாம் வாசலை மட்டும் ஏழுக்கே திறந்துவிடுவேன்.
வெளியே ஆகஸ்ட்.
மனாமாவின் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.
கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் வியர்த்து வழியும்,
உள்பக்கம் நான், கம்பெனி ஸ்வெட்டரில்.

பேட்ஜில் இடம் போதாமல் ‘திரவி’ என்று நின்றுவிட்ட
என் பெயரைப் படித்து
"தமிழா தம்பி?" என்றார் மெகருன்னிசாக்கா.
கையில் புதுப் போன். மகன் தம்மாமிலிருந்து அனுப்பியது.
"இது காலடியை எண்ணுமாமே. எண்ண வை, பார்ப்போம்."

முதலில் அது அனுமதி கேட்டது:
உங்கள் உடல் அசைவை அறிந்துகொள்ளலாமா?
"யார் கேக்குறா?"
போன்தான் அக்கா.
"வேற யார்ட்டயும் சொல்லாதுல்ல?"
அதை நான் எங்கே கண்டேன். அனுமதி என்பதை அழுத்தினேன்.

பிறந்த தேதி.
பாஸ்போர்ட்டில் இருப்பதா, உம்மா சொன்னதா
என்று கொஞ்சம் தயங்கி
பாஸ்போர்ட்டைச் சொன்னார்.
உயரத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார்,
நான் கண்ணாலேயே அளந்துவிடுவேன் போல.
எடை வந்ததும் போனை வாங்கிக்கொண்டு
முதுகைத் திருப்பி அவரே தட்டினார்.

எட்டின் நீளம் என்ன என்றது அடுத்து.
அப்போதுதான் எனக்கு வேலை வந்தது.
இந்தத் தரையை எனக்குத் தெரியும்.
மூன்றாம் வாசலிலிருந்து ஜூஸ் கடை வரை
இருநூற்றுப் பதினான்கு கற்கள்,
விரிசல் விட்டவை ஏழு,
நிறம் மாற்றிப் பதித்தது ஒன்று.
இரண்டு வருஷமாய் நின்ற இடத்திலிருந்தே எண்ணியது.
கல் அறுபது சென்டிமீட்டர்.
"பத்து எட்டு வைங்கக்கா."
வைத்தார்.
பத்து எட்டுக்கு எட்டுக் கல்.
நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

இலக்கு பத்தாயிரம் என்று அதுவே போட்டுக்கொண்டது.
"யாருக்கு?" என்றார்.
மூவாயிரமாக்கினோம்.

முதல் நாள் போனைப் பையிலும் பையைத் தள்ளுவண்டியிலும் வைத்து
இரண்டு சுற்று வந்தார். பன்னிரண்டு காட்டியது.
அப்புறம் கையிலேயே பிடித்துக்கொண்டார்.
ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும்
மீன் ஏலம் மாதிரி ஒரு குரல்:
ஐநூத்தி முப்பது!
ஆயிரத்தி எழுபது!

ஜெஸ்டின் என் போனிலும் அதை ஏற்றிவிட்டான்.
டூட்டியில் போன் கூடாது.
ஒரு நாள் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நின்றேன்,
பன்னிரண்டு மணி நேரம்.
அறுநூற்றுச் சொச்சம். அதில் பாதி கக்கூசுக்கு.
ரூமில் எடுத்துப் பார்த்தால் ஒரு செய்தி:
எழுந்து நில்லுங்கள்! கொஞ்சம் நகருங்கள்!
ஜெஸ்டின் மேல்கட்டிலில் புரண்டு சிரித்ததில்
கட்டில் ஆடியது. என் போன்
அதற்கு நாலு காலடி ஏற்றிக்கொண்டது.

காலாற நடந்தால் அதற்குத் தெரிகிறது.
கால் கடுக்க நின்றதை
எந்தப் பக்கத்திலும் தேடிப் பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வாசலிலேயே நின்றார்.
"சார்ஜ் இல்ல தம்பி. வீட்டுக்கே போயிடவா?"
நடங்கக்கா, நான் எண்ணுறேன்.
வருகைப் பதிவேட்டில் பென்சிலால் கோடு போட்டேன்.
பெயர்: மெகருன்னிசா. வந்த காரியம்: நடை.
ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தபோது
மூச்சு வாங்க வந்து நின்று எட்டிப் பார்த்தார்.
இரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து அக்கா.
"ப்ச், போன்ல ஏறாதே இது."
செத்த போனைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே
இன்னொரு சுற்று கிளம்பினார்,
இந்த முறை மெதுவாக,
கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு.
ரப்பர் செருப்போடு அதே வாசலில் நுழைந்தேன்,
போன் சட்டைப் பையில்.
கல்லுக்கு ஓர் எட்டு, கோட்டை மிதிக்காமல்
ஜூஸ் கடை வரைக்கும்.
எடுத்துப் பார்த்தேன். இருநூற்று மூன்று.

பதினொன்றை எங்கே விட்டேன் என்று திரும்பினால்
தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
என் இடத்தில் நின்ற உகாண்டாக்காரன்
கையசைத்தான்,
நின்றபடியே.