வாய் திறக்காத விலை

தங்கசாலைத் தெருவில் இப்போது காசு அடிப்பதில்லை.
அடித்த காசை
அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

நவரத்தன்மல் கடைக்கு மூன்று படி.
ஏறும்போதே என் செருப்பைப் பார்த்துவிட்டார்.
பிறகு பையை. பிறகுதான் என்னை.

இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர்.
தோல்பையில் விழுந்ததில் கோணலானதை மட்டும்
கைக்காசு போட்டு மாற்றி எடுத்து வைத்தேன்:
நடுத்தப்பி அடித்து, நிலாவைக் கடித்தது மாதிரி
ஒரு இரண்டு ரூபாய்.
இரண்டு பக்கமும் சிங்கம் நிற்கும் ஐந்து ரூபாய்.
மற்றவை சம்பளத் தேதியில் வாங்கியவை.
ராஜாவின் அங்கியில் யானை பன்றியாகிப்போன
பதினொன்றாம் வருஷத்து வெள்ளி.
தேய்ந்த சோழக்காசு;
நிற்பது அரசனா பூதமா, எனக்கே தெரியாது.

"கழுவினீங்களா?" என்றார்
துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில்.
"புளி போட்டுத் தேச்சிருக்காங்க. போச்சு."
தராசில் வைத்தார். காந்தம் காட்டினார்.
லென்ஸைக் கண்ணில் இடுக்கி உச்சுக் கொட்டினார்.
மார்க்கெட் படுத்துவிட்டதாம்.
"நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க?"

சொல்லியிருப்பேன்.
ஆனால் முன்பல் மூன்று இல்லை எனக்கு.
வாயைத் திறந்தால்
'ச' எல்லாம் காற்றாகப் போகிறது.
அதைக் கட்டத்தான் இதை விற்க வந்தது.
உதட்டை மூடிக்கொண்டு நின்றேன்.

"மொத்தமா நாலாயிரம்."
நின்றேன்.
"சரி, அஞ்சு. வயசானவராச்சேன்னு."
பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார்.
டீ குடிக்கவும் வாய் திறக்க வேண்டுமே,
வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.
கோபம் என்று எடுத்துக்கொண்டார்.
"ஏழு!"
யாருக்கோ போன் போட்டு மார்வாரியில் பேசினார்.
போனின் திரை
ஆரம்பத்திலிருந்தே கறுப்பாக இருந்தது.
"எட்டுக்கு மேல வேணாம்ங்கிறார்."

நான் அவர் வாயைக் கவனிக்கவில்லை.
டிக்கெட் எடுக்காதவன்
ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.
வண்டியில் அறுபது முகம் இருக்கட்டும்,
மின்ட் மேம்பாலத்தை அன்றுதான் கட்டியதுபோல்
வியந்து பார்க்கிறவனிடம்தான்
முதலில் போவேன்.

மல் சோழனைப் பழித்தார்,
பன்றியைப் பழித்தார்,
சிங்கத்துக்குப் பிடரி சரியில்லை என்றார்.
கடித்த நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அது கிடந்த மூலைக்கு
அவர் கண் வரவே இல்லை.

எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மிச்சத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.
அந்தக் கடையில் முதல் முறையாக
என்னுடையது அல்லாத ஒரு மௌனம்.

மிச்சம் ஒன்பதரைக்குப் போனது.
நான் படி இறங்கியபோது கூப்பிட்டார்:
"அதையும் குடுத்தா பதினொண்ணு."
தெருவில், வளையல் வண்டி வரை வந்து,
"பதிமூணு."
திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பினால் சிரித்திருப்பேன்,
சிரித்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் மண்ணடி.
ஃபஸ்லுதீன் ஒற்றை விரலால்
நிலாவைத் தள்ளிவிட்டார்.
"இதா? ஐம்பது ரூபாய். அதுவும் உங்களுக்காக."
என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார்.

டிக்கெட் இல்லாதவர்களில்
இந்த ரகமும் உண்டு:
முகத்துக்கு நேரே 'பாஸ்' என்று சொல்லி
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள்.
உண்மையாகவே பாஸ் வைத்திருப்பவர்களும்
அப்படியேதான் சொல்வார்கள்.

நிலா இன்னும் என் பையில்.
ஐம்பதா, பதிமூன்றாயிரமா, தெரியாது.
சட்டையைத் துவைக்கப் போடும்முன்
மறக்காமல் எடுத்துவிடுகிறேன்.

பல் டாக்டர் புரசைவாக்கத்தில்.
நாற்காலியைச் சாய்த்தார், விளக்கை இழுத்தார்,
லென்ஸ் மாட்டிக்கொண்டு
உச்சுக் கொட்டினார்.
"என்ன பட்ஜெட்ல பாக்கறீங்க?"

இங்கே மூடிக்கொண்டு இருக்க முடியாதே.
திறந்தேன்.
"இருபத்திரண்டாயிரம்" என்றார்.
"ஆ" என்றேன்.
சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.