மூன்று நாற்பது

ஒரு நொடிக்கு
முந்நூற்று எண்பத்து நான்கு லட்சம் கோடி முறை
துடிக்கிறது இந்த டையோடு.
பட்ஜெட் நாளில் மட்டுமே காதில் விழுகிற தொகை.
அதில் ஒரு இரண்டு கோடி
முன்னே பின்னே போகிறது என்பதுதான்
ஐந்து வருடமாக எனக்கும் அதற்கும் தகராறு.

நொய்யரிசியில் பாதி இருக்கும்.
ஏசி பெருமூச்சு விட்டால் தெரியும் அதற்கு.
நான் மேஜையில் முழங்கை ஊன்றினால் தெரியும்.
ஒரு டிகிரியை ஆயிரமாக நறுக்கி
அதில் ஒரு துண்டு ஏறினாலே
நிறம் நகர்ந்துவிடும்,
எந்தக் கண்ணுக்கும் தெரியாமல்.
லேசர் மாதிரி நேராக இரு என்று
யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.

அதன் ஒளியிலேயே ஒரு சிட்டிகை எடுத்து
கண்ணாடியில் தட்டி அதனிடமே திருப்பிவிட்டால்
கொஞ்சம் அடங்கும்.
சிட்டிகை, பிடி ஆனால்
சாமி வந்ததுபோல் சிதறும்.
"பாராட்டு மாதிரி" என்றார் அந்துவான்
ஈயப் புகைக்குள்ளிருந்து.
அவர் என்னைப் பாராட்டியதில்லை.

பிறகு ருபீடியம்.
விரல் நீளக் குப்பிக்குள் கொஞ்சம் ஆவி.
தன் எண்ணைத் தவிர
வேறு எண்ணில் அழைத்தால் எடுக்காத அணுக்கள்.
அவற்றைக் கேட்டுக் கேட்டு
எவ்வளவு விலகினாய், எந்தப் பக்கம் விலகினாய்
என்று திரையில் ஒரு கோடு.
பிழைக்குறி.
ஆய்வேட்டில் நூற்றுப் பதினொரு இடத்தில்
அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி, அடைமழை விட்ட இரவு, பூட்டினோம்.
கோடு படுத்துக்கொண்டது.
காலாப்பட்டே படுத்துக்கொண்டது.
மூன்று நாற்பதுக்கு எகிறி, அறுந்தது.

மறுநாளும் மூன்று நாற்பது.
கிழக்குக் கடற்கரைச் சாலையின் பஸ்ஸைச் சந்தேகித்தேன்.
டிரான்ஸ்ஃபார்மரை.
அந்துவானின் சர்க்யூட்டை; அவர் அன்று முழுக்கப் பேசவில்லை.
எலி என்றுகூட நினைத்தேன், பொறி வைத்தோம்,
காலையில் தேங்காய்ச் சில்லு அப்படியே இருந்தது.

நான்காம் இரவு
அவரைத் திரை முன்னால் உட்காரவைத்து
போனைக் காதில் வைத்தபடி
சவுக்குத் தோப்பு வழியாக நடந்தேன்.
ஈர மணல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
தோப்பு முடிகிற இடத்தில்
ஒற்றை ஹெட்லைட்.
டிராக்டர்.
ஃபைபர் படகை முதுகில் முட்டி
அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"போச்சு" என்றது போன்.

ஓட்டியவர் இறங்கி வந்தார். பெயர் அஞ்சாபுலி.
இந்நேரத்துல யாரும்மா.
உங்க டிராக்டர் எங்க லேசரை ஆட்டுது என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.
அவர் சிரிக்கவில்லை. கடல் பக்கம் கையைக் காட்டி,
"அது ஆட்டலியா?"

ஆட்டுகிறது. ஆறு நொடிக்கு ஒரு தரம்.
நிறமாலையின் இடது மூலையில்
அதற்கென்று ஒரு மேடு உண்டு.
ஆனால் அது நிதானம்,
சர்க்யூட் கூடவே நடந்துவிடும்.
உங்க இன்ஜின்தான்.

"பொழப்பும்மா" என்றார்,
மன்னிப்பாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை,
ஏறி கியரைப் போட்டார்.
இன்னும் ஒன்பது படகு.

திரும்பி நடக்கையில்
பிழை, பிழைப்பு என்று
வாய் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது.
பிழையே இல்லாவிட்டால்
பூட்டுக்குப் பிடிக்க என்ன இருக்கும்?
இதை அந்துவானிடம் சொல்லவில்லை.
சொன்னால் தூங்கப் போ என்பார்.

மேஜைக் கால்களுக்கு அடியில்
மடித்த சைக்கிள் டியூப். ஒரு கெப்பாசிட்டர் மாற்றினார்.
ஆதாயத்தைக் கூட்டினோம், ஊளையிட்டது, குறைத்தோம்.

மூன்று நாற்பது.
கோடு பல்லிவால்போல் துள்ளியது,
துள்ளி,
திரும்பி வந்து படுத்தது.
"பொழச்சிக்கிச்சு" என்றார்.

படம் ஏழில், இருபத்தேழு ஹெர்ட்ஸில்,
இன்னமும் ஒரு சின்ன மேடு இருக்கிறது.
அழிக்கத் தெரியும். அழிக்கவில்லை.
கீழே "உள்ளூர் அதிர்வு" என்று போட்டிருக்கிறேன்.
வாய்மொழித் தேர்வில் கேட்டால்
பத்துப் படகு என்பேன்.